உப்புத் தண்ணீரும் கெளுத்தி மீனும்



நசரத்பேட்டையிலோ அதனை அடுத்த பூந்தமல்லி, திருமழிசை, செம்பரம்பாக்கம் பகுதிகளிலோ நீங்கள் வசிப்பவராயின், ஆழ்துளைக் கிணற்று நீரின் குணத்தை நாம் உங்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. பல இல்லங்களில் சோப்பு நுரைப்பதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவு கட்டுகிறது. நாம் 'உப்புத் தண்ணீர்' என்று அழைக்கும் இதனை அறிவியலார் கடின நீர் என்பர்.

இத்தகைய இல்லத்தில் ஒரு நாள் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்டு அடம் பிடிக்கின்றனர். கண்ணாடித் தொட்டி வருகிறது; அடியில் மேய்ந்து அழுக்கைத் தின்னும் என்ற நம்பிக்கையில் நான்கு கெளுத்திக் குஞ்சுகளும் வருகின்றன. ஒரு வாரத்திற்குள் அவை ஒவ்வொன்றாக மிதக்கின்றன. பிள்ளைகள் அழுகின்றனர். "நம் தண்ணீருக்கு மீன் ஒத்துவராது" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு சரிதானா?

குற்றம் யாருடையது?

பாதிதான் சரி. நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமுமே கடினத்தன்மைக்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை ஏற்கலாம் என்றும் கூறுகிறது. இந்த உப்புகள் மட்டுமே மீனை ஒரு வாரத்தில் கொன்றுவிடுவது அரிது. உண்மையான கொலையாளி அம்மோனியா.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. பி.எச். அளவு 7 ஆக உள்ள நீரில் அதில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஏறத்தாழ ஐந்து பங்கு, 8.5 ஆனால் ஏறத்தாழ பதினைந்து பங்கு! ஆகவே மெல்லிய நீரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அதே அசுத்தம், நம் வீட்டுக் கார நீரில் உயிரைப் பறித்துவிடுகிறது. அடியில் வாழும் மீன்களோ கழிவு தங்கும் இடத்திலேயே படுத்துக் கிடப்பவை.

இதற்குப் பரிகாரம் பொறுமையே. அம்மோனியாவை உண்டு மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். ஏற்கெனவே நன்றாக நடந்துவரும் தொட்டியிலிருந்து சிறிது பழைய பஞ்சு கிடைத்தால் காலம் குறையும். ஒரு நற்செய்தியும் உண்டு: இந்நுண்ணுயிர்கள் சற்றே காரமான நீரை விரும்புகின்றன, கடின நீரின் பி.எச். அளவும் எளிதில் தடுமாறுவதில்லை.

எந்த மீன் ஏற்றது?

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி நீர் இயல்பிலேயே கடினமானது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 9. அங்கு வாழும் சைனோடான்டிஸ் இனக் கெளுத்திகளுக்கு நம் நீர் அந்நியமன்று. அவற்றுள் ஒன்று, நம் குயிலைப் போலவே, பிற மீன்கள் முட்டையிடும் வேளையில் தன் முட்டைகளையும் இடையே இட்டுவிடுகிறது. முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் அம்மீன்கள் அறியாமலே அதன் குஞ்சுகளைச் சுமக்கின்றன!

கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் கோரிடோரஸ் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பண்ணையில் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட வெண்கல நிறக் கோரிடோரஸ், மிதமான கடின நீரில் வாழப் பழகிக்கொள்ளும். காட்டு ஆறுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவற்றைத் தவிர்ப்பதே நலம். கூட்டமாக வாழும் இயல்புடையது என்பதால் ஆறு மீன்களாவது வேண்டும்.

நம் ஏரிகளின் நாட்டுக் கெளுத்தியும் வளரும். ஆனால் சிறு மீன்களை விழுங்கிவிடும். தேளி மீனைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்க வேண்டாம். அதன் பக்க முள் நச்சுடையது.

நீரைப் பக்குவப்படுத்துதல்

பி.எச். அளவைக் குறைக்க எலுமிச்சைச் சாறு, அமிலம் முதலியவற்றை ஊற்றுவோர் உண்டு. கடின நீர் அதனைச் சிறிது நேரத்தில் முறியடித்துப் பழைய நிலைக்கே திரும்பும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்குப் பெருந்துன்பம். அதைவிட, ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல நீரையோ, முதல் மழையைக் கழித்துப் பின்னர் சேமித்த மழைநீரையோ கிணற்று நீருடன் சரிபாதியாகக் கலந்தால் கடினத்தன்மையும் ஏறத்தாழ பாதியாகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது கிணற்று நீரைவிடக் கடினமானது.

கோடையில் தொட்டி நீர் ஆவியாகும்போது உப்புகள் ஆவியாவதில்லை. குறைந்த அளவிற்கு மீண்டும் கிணற்று நீரையே ஊற்றினால் மாதந்தோறும் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். எனவே ஈடு செய்ய மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். நோய் வருமுன் காப்பதாக எண்ணிக் கல்லுப்பு போடுவதைக் கெளுத்தித் தொட்டியில் தவிர்த்திடுக.

அடியில் இடும் மணல் மென்மையாக இருத்தல் வேண்டும். உடைகல்லிலிருந்து அரைத்த மணலின் கூர்முனைகள், உணவைத் தேடும் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். கழுவிய ஆற்று மணல் சிறந்தது. அதில் சிறிது வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்துள்ளது. அது கடினத்தன்மையை மேலும் கூட்டும்.

'அழுக்கைத் தின்று வாழும்' என்று நம்பி இம்மீன்களைப் பட்டினி போடாதீர்கள். கழிவு அவற்றின் உணவன்று. விளக்கணைத்த பின்னர், அடியில் மூழ்கும் தீனியைச் சிறிதளவு இடுங்கள். காற்றுக் குழாய் எந்நேரமும் இயங்கட்டும். வெப்பம் கூடக்கூட நீரில் பிராணவாயு குறையும்.

ஏரிக்குச் செய்யும் துரோகம்

நிறைவாக ஒரு முக்கிய வேண்டுகோள். கடைகளில் விரலளவாக விற்கப்படும் 'சக்கர்' மீனும் கெளுத்தி இனமே. கடின நீரையும் தாங்கும். ஆனால் ஓர் அடிக்கும் மேலாக வளரும். தொட்டி கொள்ளாதபோது, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று சிலர் அதனை ஏரியில் விட்டுவிடுகின்றனர். இந்தியாவின் பல நீர்நிலைகளில் இம்மீன் இவ்வாறே பரவிப் பெருகியுள்ளது. கரைகளில் வளை தோண்டுகிறது. நாட்டு மீன்களின் இரையைப் பறிக்கிறது. மீனவரின் வலையைக் கிழிக்கிறது. நமக்கு அருகிலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி, சென்னை மக்கள் பருகும் நீரைத் தாங்கி நிற்பது. ஓர் உயிருக்கு இரங்குவதாக எண்ணி, ஊருக்கே கேடு செய்துவிடலாகாது. வளர்க்க இயலாவிடில் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் வாங்காமலே இருங்கள்.

தொட்டியிலுள்ள மீன் தானாக வேறிடம் தேடிச் செல்ல இயலாது. நாம் ஊற்றும் நீரே அதன் உலகம். அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த முறை பிள்ளைகள் மீன் கேட்டால், முதலில் ஒரு குவளைக் கிணற்று நீரை அவர்கள் முன் வைத்து, அதன் கதையைச் சொல்லுங்கள். மீன் ஒரு மாதம் கழித்து வரட்டும். வந்தபின் நெடுநாள் வாழட்டும்!