மூலையில் கிடந்த வண்டி முழங்குகிறது!

ஓர் உதை. சத்தம் இல்லை.

இரண்டாவது உதை. ஒரு செருமல் மட்டும்.

மூன்றாவது உதை. "டுர்ர்ர்...!" வாசல் முழுவதும் புகை. பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

பல ஆண்டுகளாக மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போர்த்திக் கிடந்த "யமஹா ஆர்.எக்ஸ். 100" மோட்டார் சைக்கிளுக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது!

இந்தக் காட்சி இன்று பல ஊர்களில் நடக்கிறது. அது அப்பாவின் வண்டி. கல்யாணம் ஆன புதிதில் அம்மாவைச் சினிமாவுக்கு அழைத்துச் சென்ற வண்டி. பிள்ளையைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட வண்டி. அதைப் பழைய இரும்புக்கு எடைபோட மனம் வருமா?

வராது. பழுதுபார்க்கலாம். ஆனால், முறை தெரிந்து பார்க்கவேண்டும். முறை தெரியாமல் கை வைத்தால் வண்டி கெடும். ஓட்டுகிறவருக்கும் ஆபத்து வரும்.

பழுதுபார்த்தவர் பெயர்

"யமஹா" என்பதே பழுதுபார்த்த ஒருவரின் பெயர்தான்.

ஜப்பானில் ஹமமாட்சு என்று ஓர் ஊர். 1887-ம் ஆண்டு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த ஆர்கன் கெட்டுப்போயிற்று. ஆர்கன் என்பது ஆர்மோனியத்துக்கு அண்ணன் போன்ற வாத்தியம். அதைச் சரிசெய்ய வந்தவர் டொரகுசு யமஹா. திறந்து பார்த்தார்; சரிசெய்தார். அதோடு நிற்காமல் தாமே ஓர் ஆர்கன் செய்தார்.

அதை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டாளியுடன் ஹகோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்குப் போனார். சுருதி சரியில்லை என்று அங்கே கூறிவிட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. இசை இலக்கணம் படித்தார். மறுபடியும் ஆர்கன் செய்து வெற்றி பெற்றார்.

அவர் தொடங்கிய வாத்தியக் கம்பெனி 1955-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ஜப்பானியர் அதற்குச் "செந்தும்பி" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். சுருதி பார்க்க உதவும் இசைக்கவைகள் மூன்று, இன்றும் யமஹாவின் சின்னத்தில் இருக்கின்றன.

இந்தியாவுக்கு வந்தது

1980-களில் ஜப்பானியக் கம்பெனிகள் இந்தியக் கம்பெனிகளுடன் கைகோத்தன. 1984-ல் நம் ஓசூரில் "இந்த்-சுசுகி" பிறந்தது. மறு ஆண்டு "ஹீரோ ஹோண்டா" வந்தது. அதே 1985-ல், எஸ்கார்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து ஆர்.எக்ஸ். 100 களத்தில் இறங்கியது.

எடை சுமார் 100 கிலோ. எஞ்சின் 98 சி.சி. சக்தியோ 11 குதிரைகள்! ஆள் மெலிவு, ஓட்டம் சிறுத்தைப் பாய்ச்சல்.

ஆனால், அது எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் "டூ ஸ்ட்ரோக்" வண்டி. புகை அதிகம். புகைக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. 1996-ல் அதன் உற்பத்தி நின்றது. இனிப் புதிதாக ஒரு வண்டி பிறக்காது. ஆகவேதான், இருக்கிற வண்டிகளுக்கு இவ்வளவு கிராக்கி!

சும்மா நின்றால் நோய்

ஓடுகிற வண்டி தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிற்கிற வண்டி அதைவிட வேகமாகக் கெடும் என்பது பலருக்குத் தெரியாது.

பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். அதன் பிசின் மட்டும் கார்புரேட்டரில் தங்கி, ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும். டாங்கிக்குள் துரு ஏறும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

எஞ்சினுக்குள்ளே நாதஸ்வரத்தின் சீவாளி போல மெல்லிய தகடுகள் உண்டு. அவை திறக்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும்; மூடினால் திரும்பி வராது. அந்த அறையில் காற்றுக் கசிவு இருக்கவே கூடாது. அதைக் காப்பவை இரண்டு ரப்பர் வளையங்கள். "ஆயில் சீல்" என்பார்கள். அவை காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே புகும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

உதைக்காதே!

பழைய வண்டியைக் கண்டதும் ஏறி உதைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. துருப்பிடித்து ஒட்டிய பிஸ்டனை உதைத்தால், வளையம் முறியும். சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

முதலில் பிளக்கைக் கழற்றவேண்டும். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடவேண்டும். பிறகு கையால் மெதுவாகக் கிக்கரை அழுத்திப் பார்க்கவேண்டும்.

கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. திருகாணிகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டவேண்டும். கழற்றுவது ஒரு மணி நேரம். பூட்டுவது ஒரு வாரம்!

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஒவ்வொரு முறை கடையும்போதும் சுவர் மெலிகிறது. சில தடவைகளுக்கு மேல் கடைய முடியாது. ஆகையால் தேவை இல்லாமல் கடையக்கூடாது. கம்பெனி போட்ட பழைய பாகம் நன்றாக இருந்தால், சுத்தம் செய்து அதையே பூட்டவேண்டும். பளபளக்கும் போலிப் பாகத்தைவிட, கறுத்துப்போன அசல் பாகம் மேல்!

எண்ணெய் தீர்ந்தால்...

இந்த எஞ்சினின் உயிர், பெட்ரோலுடன் போகும் "டூ டி" எண்ணெய். இது தனி டாங்கியிலிருந்து பம்பு வழியாக வரும். சிலர் பம்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டுவார்கள். வண்டியில் எந்த முறை இருக்கிறது என்று தெரியாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டினால், பிஸ்டன் இறுகிவிடும். ஓடும்போது இறுகினால் பின்சக்கரம் சட்டென்று நின்றுபோகும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஆள் விழவேண்டியதுதான்.

பிரேக்கும் அப்படியே. இரண்டு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நாள்பட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் பட்டை பெயர்ந்துவிடும். டயர் புதிதுபோல் தோன்றினாலும் ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். "3515" என்றால், 2015-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது என்று பொருள்.

எஞ்சின் முழங்குவது பெருமை. வண்டி நிற்பதுதான் உயிர்! ஆகவே பணம் குறைவாக இருந்தால், பிரேக்குக்கும் டயருக்கும் முதலில் செலவு செய்யவேண்டும். பெயிண்ட் கடைசியில் வரட்டும்.

புத்தகம் எங்கே?

ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அது வீட்டு அலங்காரம்தான். பதிவு செய்த 15 ஆண்டுகளுக்குப் பிறகு, வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். வெளியாரிடம் வாங்குவோர் சட்டத்திலும் எஞ்சினிலும் உள்ள எண்களைப் புத்தகத்துடன் ஒத்துப் பார்க்கவேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால் வாங்கக்கூடாது. அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

2021-ல் வந்த விதிப்படி, "புராதன வண்டி" என்ற தனிப் பதிவு 50 வயதைக் கடந்த வண்டிகளுக்குத்தான். 1985-ல் பிறந்த ஆர்.எக்ஸ். 100 அந்தப் பட்டத்துக்கு 2035 வரை காத்திருக்கவேண்டும்!

ஓட்டமே மருந்து

சரிசெய்த வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவேண்டும். பிறகும் வாரம் ஒரு முறையாவது ஓட்டவேண்டும். செயினுக்கு எண்ணெய் விடவேண்டும். நெடுநாள் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடவேண்டும்.

வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல, அவ்வப்போது பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். காப்பி நிறமாக இருந்தால் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். வெளுத்திருந்தால் சூடு அதிகம், உடனே கவனிக்கவேண்டும்.

சத்தத்துக்காகச் சைலன்சரின் உட்குழாயைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. தெரு சபிக்கும், வண்டியின் இழுப்பும் குறையும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. எஞ்சின் மூச்சு விடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

கெட்டுப்போன ஆர்கனைத் தூக்கி எறியாமல் திறந்து பார்த்தார் ஒருவர். அதிலிருந்து ஒரு பெரிய தொழிலே பிறந்தது. மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் அப்பாவின் வண்டியும் அப்படித் திறந்து பார்க்கத் தக்கதுதான்.

பிள்ளை பழுதுபார்த்து முடித்ததும் முதல் சவாரிக்குப் பின்சீட்டில் யாரை ஏற்றவேண்டும் என்று சொல்லவா வேண்டும்? அப்பாவைத்தான்!