மணலி முதல் திண்டுக்கல் வரை: எரிபொருளின் சுற்றுச்சூழல் கணக்கு

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வட ஆர்க்காட்டை மட்டுமன்றி அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் பெயர் சுட்டி, அங்கிருந்த தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்ததோடு, மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அறிவித்தது. தோல் ஆலைக் கழிவால் கிணறு கெடுவதைக் கண்ட திண்டுக்கல் சமவெளிக்கு இக்கொள்கையை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே சமவெளியின் பெட்ரோல் பங்க்குகளில் விற்பனையாகும் டீசல், வேறோர் ஊரின் நீரையும் காற்றையும் செலவிட்டே உருவாகிறது. அந்தச் செலவை எண்ணெய் நிறுவனம் தன் அன்றாட நடைமுறைக்குள் எந்த அளவுக்குக் கொண்டுவந்துள்ளது என்பது இங்குள்ளவர்களும் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

தமிழ்நாட்டின் முதன்மையான சுத்திகரிப்பு ஆலை, 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு, 1969 முதல் மணலியில் இயங்கிவரும் இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆகும். ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கிய அதன் திறன் இப்போது 1.05 கோடி டன்னாக உயர்ந்துள்ளது. அங்கு உருவாகும் எரிபொருள் திருச்சி வழியாக மதுரை வரை நிலத்தடிக் குழாயில் வருவதால், அந்தத் தொலைவுக்கு டேங்கர் லாரிகள் எரிக்கும் டீசலும் மிச்சமாகிறது.

கச்சா எண்ணெயைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைப் படிப்படியாகக் குளிர்வித்து, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எனப் பிரித்தெடுப்பதே சுத்திகரிப்பு என்பதால், கொதிகலனுக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் ஓயாமல் நீர் வேண்டும். சென்னையோ குடிநீருக்கே அல்லாடும் நகரம். ஆகவே இந்நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே மாநகரின் கழிவுநீரை விலைக்கு வாங்கி, ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில், அதாவது மிக நுண்ணிய சவ்வின் ஊடே அழுத்தத்துடன் செலுத்தி உப்பை நீக்கும் முறையில், தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீர்த் தரத்துக்கு மாற்றும் நிலையத்தையும் அமைத்துக்கொண்டது. சென்னைக் குடிநீர் வாரியமும் 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையை, மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் வழங்குவதற்கென்றே திறந்தது. இயற்கையின் மீதுள்ள பரிவைவிட, நீரின்றி ஆலை நின்றுவிடும் என்ற அச்சமே இந்த மாற்றத்துக்கு வித்திட்டது எனக் கொள்ளலாம். அது முப்பது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கும் அந்தச் சொந்தத் தேவையே காரணம்.

கந்தகத்தின் கதை சற்றுச் சிக்கலானது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி, எரிபொருளில் இருக்கலாகும் கந்தகத்தின் அளவை, பத்து லட்சம் பங்கில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தது. கந்தகத்தை அகற்ற ஹைட்ரஜன் வேண்டும். அதை இயற்கை எரிவாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ பிரித்தெடுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தின் புகையில் கந்தகம் குறைவதற்கு ஈடாகச் சுத்திகரிப்பு ஆலையின் கரிம உமிழ்வு ஓரளவு கூடுகிறது என்னும் இந்த முரண், நிறுவனங்களின் பசுமை அறிக்கைகளில் பெரிய எழுத்தில் இடம்பெறுவதில்லை.

நிறுவனத்தின் சொந்தத் தேவையோ சட்டத்தின் கெடுபிடியோ போதிய அளவு எட்டாத இடம் எது என்பதை 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயல் காட்டிக்கொடுத்தது. பெருமழையில் ஆலை வளாகத்தின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தை அடைந்து, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் கரும்படலமாகப் படிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆலையின் மழைநீர் மேலாண்மையில் குறைபாடு இருந்ததாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. விலை கொடுத்து வாங்கும் நீரைச் சொட்டுச் சொட்டாகக் கணக்கிடும் ஓர் ஆலையில், வானத்திலிருந்து இலவசமாக விழும் நீருக்கான வடிகால் கவனம் பெறாமல் போனது விந்தை எனத் தோன்றினும், எந்தக் கணக்கேட்டிலும் வரவாகப் பதியாத பொருளுக்கு நேரும் கதி பெரும்பாலும் இதுதான்.

இதே குறை வேறொரு வடிவில் கரிமக் கணக்கிலும் உண்டு. மணலி ஆலையின் தாய் நிறுவனமான இந்தியன் ஆயில், 2046க்குள் தன் செயல்பாடுகளில் நிகரச் சுழிய உமிழ்வை, அதாவது வெளியேற்றும் கரிமத்துக்கு நிகராக நீக்கவும் செய்யும் நிலையை, எட்டுவதாக அறிவித்துள்ளது. அந்த இலக்கு ஆலைகளுக்கும் குழாய்களுக்கும் உரியதே தவிர, விற்ற எரிபொருளுக்கு உரியதன்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் லாரியின் புகை எந்த நிறுவனத்தின் சுழியத்திலும் சேராது. எண்ணெயின் மொத்த உமிழ்வில் பெரும்பகுதி இவ்வாறு எரியும்போதுதான் வெளிப்படுகிறது என்பதால், எஞ்சிய சிறுபகுதியைச் சீராக்குவது பயனுள்ளதே எனினும், அதையே முழு விடையாகக் காட்டுவது பொருந்தாது.

பங்க்கின் அளவில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. நிலத்தடித் தொட்டியில் டேங்கர் லாரி பெட்ரோலை இறக்கும்போது, உள்ளிருக்கும் ஆவி வெளியே தள்ளப்படுகிறது; புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் அதில் அடங்கும். அந்த ஆவியைக் குழாய் வழியே லாரிக்கே திருப்பி அனுப்பும் ஆவி மீட்பு அமைப்பு, காற்றைக் காப்பதோடு விற்கக்கூடிய பெட்ரோலையும் மீட்டுத்தருவதால், வணிகருக்கும் இழப்பன்று. புதிய பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து பொதுவாக 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வழிகாட்டுதலும், இந்த ஆவியையும் தொட்டிக் கசிவையும் கருதியதே. தொட்டியில் அளவுகோலை விட்டோ தானியங்கிக் கருவியாலோ அன்றாடம் இருப்பை அளந்து விற்பனைக் கணக்கோடு ஒப்பிடும் பழைய வழக்கம், திருட்டைத் தடுக்கப் பயன்படுவது போலவே கசிவைக் காட்டவும் பயன்படுகிறது. நாள்தோறும் சிறிதளவு பெட்ரோல் காரணமின்றிக் குறைந்துகொண்டே வந்தால், பக்கத்துத் தோட்டக் கிணற்றில் வாடை எழும் வரை காத்திராமல் தொட்டியைச் சோதித்தறிய முடியும்.