53 ஆண்டுகள் வானில் சுற்றிய உருண்டை!

2025-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, சனிக்கிழமை. பகல் 11 மணி 54 நிமிடம்.

திருச்சியை அடுத்த காட்டூரில் உலை வைத்துச் சோறு வடிக்கும் நேரம். அப்போது வங்கக் கடலுக்கு மேலே, அந்தமானுக்கு மேற்கே, ஓர் உலோக உருண்டை பூமியை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. அதன் எடை ஏறக்குறைய அரை டன்!

அது ஜாகர்த்தா நகருக்கு மேற்கே இந்துமாக் கடலில் விழுந்துவிட்டதாக ரஷ்ய விண்வெளித் துறை அறிவித்தது.

அண்ணனும் தம்பியும்

அது என்ன உருண்டை?

1972-ம் ஆண்டு மார்ச் மாதம் சோவியத் ரஷ்யா, வெள்ளி கிரகத்துக்கு இரண்டு கலங்களை ஏவியது. அண்ணன் "வெனரா 8" ஜூலை மாதம் வெள்ளியில் போய் இறங்கியது. நான்கு நாள் பின்னால் கிளம்பிய தம்பிக்கு அதிர்ஷ்டம் இல்லை. ராக்கெட்டு என்ஜின் பாதியிலேயே நின்றுவிட்டது. பூமியையே சுற்றத் தொடங்கியது. அதற்கு "காஸ்மாஸ் 482" என்று பெயர் வைத்தார்கள்.

பழைய கலங்கள் கீழே வரும்போது பெரும்பாலும் எரிந்து போகும். இது வெள்ளியின் கடும் வெப்பத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. ஆகவே, முழுசாகவே விழலாம் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள்.

ஏன் சொல்ல முடியவில்லை?

உயரே உள்ள மெல்லிய காற்றில் உரசி உரசி, கலத்தின் வேகம் குறைகிறது. அந்தக் காற்றோ ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியன் கொதித்தால் காற்று உப்பும், உரசல் கூடும். அதனால் முந்தின நாள்கூட, "சில மணி நேரம் முன்பின் ஆகலாம்" என்றுதான் கூற முடிந்தது.

சில மணி நேரம்தானே என்று நினைக்காதீர்கள்! மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இரவெல்லாம் ஓடித் திருச்சியிலிருந்து சென்னை சேருகிறது. அந்தத் தூரத்தை இந்த உருண்டை ஒரே நிமிடத்துக்குள் கடந்துவிடும். நிமிடம் தவறினால், ஊரே மாறிப் போகும்! அதன் பாதைக்குக் கீழே இருந்த நாடுகள் பல. நம் காட்டூரும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

ஆனாலும் பயப்பட வேண்டியதில்லை. பூமியில் முக்கால் பங்கு கடல். நிலத்திலும் வெற்றிடமே அதிகம்.

தொடாதீர்கள்!

எப்போதாவது நிலத்திலும் விழுவது உண்டு. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி இரவு, மராட்டிய மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையம் வந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் துண்டாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினார்கள். நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை.

இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பழைய இரும்பு என்று தூக்கிவராதீர்கள். அதில் விஷ எரிபொருள் ஒட்டியிருக்கலாம். குழந்தைகளை அருகே விடாமல், போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள்.

சேதம் ஏற்பட்டால், ஏவிய நாடு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. அது கையெழுத்துக்கு வந்ததும் அதே 1972 மார்ச் மாதத்தில்தான். உருண்டை மேலே போவதற்கு இரண்டே நாள் முன்பு!