உங்களுக்குத் தெரியுமா? செடி பார்க்கப் போன கூட்டம்

✦ பூவிலும் ஆண், பெண் உண்டு என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 1717 ஜூன் 10 அன்று பாரிஸ் நகரின் அரசத் தோட்டத்தில் தாவரவியலாளர் செபாஸ்தியான் வயான் இதை விளக்கிப் பேசியபோது, கேட்டவர்களில் பலருக்கு அது புதுச் செய்தி. வழக்கமாகப் பாடம் எடுப்பவர் வெளியூர் போயிருந்ததால்தான் அவருக்கு அந்த வாய்ப்பே கிடைத்தது! அங்கே பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. லத்தீனும் தெரிந்திருக்க வேண்டாம். ஊர்மொழியான பிரெஞ்சிலேயே பேசினார்கள். ஆண், பெண் வேறுபாட்டுக்கு அவர் சான்றாகக் காட்டிய பிஸ்தா மரம் இன்றும் அதே தோட்டத்தில் நிற்கிறது.

✦ லண்டனில் 1673இல் அமைந்த செல்சீ மருந்துச்செடித் தோட்டம் தேம்ஸ் ஆற்றை ஒட்டியது. மருந்து தயாரிப்போர் சங்கம் தன் படகை அங்கே கட்டிவைத்தது. தொழில் பழகும் பிள்ளைகளைப் படகிலேற்றி ஊருக்கு வெளியே மூலிகை பார்க்கக் கூட்டிப்போவார்கள்.

✦ ஆனால் செடி பார்க்கப் போவதை ஒரு திருவிழாவாகவே ஆக்கியவர் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ். உப்சாலா பல்கலைக்கழகத் தோட்டம் 1741 முதல் அவர் பொறுப்பில் இருந்தது. கோடைச் சனிக்கிழமைகளில் மாணவர்களோடு வயல்வெளிக்குப் புறப்படுவார். சில நாள் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிடுவார்கள். வெயிலுக்கு அகன்ற தொப்பி, உடம்புக்கு லேசான துணி. கண்டதையெல்லாம் எழுத ஒருவர், ஒழுங்கைக் கவனிக்க ஒருவர், பறவை சுட ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. அரை மணிக்கு ஒருமுறை எல்லாரும் நிற்க, கையில் சிக்கிய செடியையும் பூச்சியையும் வைத்தே பாடம் நடக்கும். மாலையில் தொப்பியில் பூச்செருகி, கொம்பூதி, முரசறைந்து தோட்டத்துக்குத் திரும்பி, 'வாழ்க லின்னேயஸ்!' என்று முழங்குவார்கள். படிப்புக்கு இவ்வளவு ஆரவாரமா என்று மேலிடத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கோ, பாடம் முடிந்து முரசடித்து வீடு திரும்பிய அந்தப் பிள்ளைகள்மேல் பொறாமையாக இருக்கிறது.

✦ அவரிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராக வந்து இறங்கிய ஊர் எது தெரியுமா? நம் தரங்கம்பாடி! சோழமண்டலக் கரையெங்கும் செடி தேடினார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகவும் பணிபுரிந்தார். கறிவேப்பிலைக்குப் பரவலாக வழங்கும் அறிவியல் பெயர் 'முர்ரயா கோனிகி'. அதன் பின்பாதி இவர் நினைவாக வைத்தது. முன்பாதிக்கு உரிய மர்ரேயும் லின்னேயஸின் மாணவர்தான். உப்சாலாவில் பாடம் கேட்ட இருவரின் பெயர் நம் ரசத்தில் தினமும் மிதக்கிறது. கோனிக்கிடம் செடி நுணுக்கம் கற்றவர்களில் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பரோ. அவர் 1793இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்றார்.

✦ லின்னேயஸ் மாணவர்களை அழைத்துப்போன வழிகளில் சில இன்று உப்சாலாவைச் சுற்றி நடைபாதைகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். முரசு மட்டும் இல்லை.