வீட்டு மாடியில் ஒரு காற்றாடி



ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து சென்ற தமிழர் எவரும் முப்பந்தலின் காற்றாலைகளைக் கண்டு வியவாமல் இருந்திரார். உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாதிலும் குடியேறிய பின்னரும் அக்காட்சி நம் மனத்தை விட்டு அகல்வதில்லை. ஆகவே, மின்சாரக் கட்டணச் சீட்டு வரும்போதெல்லாம், "நம் மொட்டைமாடியிலும் சிறியதாக ஒரு காற்றாடி சுழன்றால் என்ன?" என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசைக்காகச் சேமிப்பில் கை வைக்குமுன், காற்றின் கணக்கைச் சற்றே பார்ப்போம்.

யந்திரத்தின் அமைப்பு எளியது. காற்று இறக்கைகளைச் சுழற்றுகிறது. அவற்றின் அச்சு, மின்சாரம் உண்டாக்கும் கருவியைச் சுழற்றுகிறது. பின்னாலுள்ள வால், காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி வைக்கிறது. பிறக்கும் மின்சாரம் பாட்டரியில் சேர்ந்து, இன்வர்ட்டர் வழியே வீட்டுக்குள் வருகிறது.

கணக்குதான் நம்மை ஏமாற்றுவது. காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் சக்தி எட்டு மடங்காகிறது! வேகம் இரட்டிக்கும்போது, ஒவ்வொரு விநாடியும் இறக்கைகளை வந்தடையும் காற்றின் அளவு இரு மடங்காகிறது. அக்காற்றின் ஒவ்வொரு துளியும் நான்கு மடங்கு சக்தியைச் சுமந்து வருகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டு.

இறக்கைகளின் சுழல்வட்டம் 2 மீட்டர் விட்டமுள்ளது என்று கொள்வோம். மரத்து இலைகள் சலசலக்கும் இளங்காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகமுடையது. அவ்வட்டத்தின் வழியே அது சுமந்து செல்லும் சக்தி சுமார் 50 வாட். இதில் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த யந்திரமும் கவர இயலாது என்பது ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பெர்ட் பெட்ஸ் கண்ட உண்மை. சிறிய யந்திரங்கள் நடைமுறையில் 30 பங்கு தந்தாலே நன்று. ஆக, நமக்குக் கிட்டுவது 15 வாட், ஒரு எல்.இ.டி. விளக்குக்கு மட்டுமே போதும். புழுதியும் காகிதமும் பறக்கும்படி காற்று 6 மீட்டர் வேகத்தில் வீசினால், அதே யந்திரம் 120 வாட் தரும். விற்பனைத் தாளில் அச்சிட்டுள்ள பெரிய எண்ணோ, இதனினும் கடுங்காற்றில் மட்டுமே கிட்டுவது.

நகரத்து மாடியில் அத்தகைய காற்று உண்டா? வீசும் காற்றும் அண்டை வீடுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் மோதிச் சுழலாகிவிடுகிறது. வால் ஒரு புறம் திரும்புமுன் காற்று மறுபுறம் பாய்கிறது. நமக்கு அறிமுகமான தில்லி அன்பர் ஒருவர், மூன்றாம் மாடியின் மேல் இத்தகைய யந்திரமொன்றை நிறுவினார். மின்சாரம் வந்ததோ இல்லையோ, இரவெல்லாம் சுவர் அதிர்ந்தது, கீழ்வீட்டார் முறையிட்டனர், யந்திரம் இறங்கியது. போட்ட பணம் திரும்பவில்லை. பிரிட்டனிலும் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் இத்தகைய யந்திரங்கள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைக் கட்டடங்களின் மீது வைத்துச் சோதித்தனர். அவற்றுட் சில, தாம் ஆக்கிய மின்சாரத்தைவிட மிகுதியாகத் தம் கருவிகளுக்கே செலவிட்டன.

அப்படியாயின் வீட்டுக் காற்றாடி வீண் கனவா? அன்று. அமெரிக்காவின் மொன்டானாப் பகுதியில், மின்கம்பி எட்டாத பண்ணையில் வாழ்ந்த ஜேக்கப்ஸ் சகோதரர் 1920-களில் செய்த காற்றாடிகள் எத்தனையோ பண்ணை வீடுகளுக்கு விளக்கேற்றின. அங்கே வெட்டவெளியும் இருந்தது. உயர்ந்த கோபுரமும் இருந்தது. வெற்றியின் இரகசியம் அவ்விரண்டே. சுற்றிலும் 90 மீட்டருக்குள் உள்ள மரம், வீடு யாவற்றையும்விட, இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது பொது விதி.

நம்மில் கட்ச், சௌராஷ்டிரக் கடலோரங்களில் வெட்டவெளி நிலமுடையோர் இம்முயற்சியில் தாராளமாக ஈடுபடலாம். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் மாதங்களில் மேகம் கதிரவனை மறைக்கும். சூரியத்தகடு சோரும் அந்நாட்களில் காற்றாடி கைகொடுக்கும். ஆகையால் இரண்டையும் இணைத்து வைப்பது சிறப்பு. நெருங்கிய குடியிருப்பில் வாழ்வோருக்குச் சூரியத்தகடு ஒன்றே பொருத்தம்.

எவராயினும் முதலில் காற்றை அளந்து பாருங்கள். சென்னையிலுள்ள தேசியக் காற்றுச் சக்தி நிறுவனம் நாட்டின் காற்று வளத்தை வரைபடமாக்கியுள்ளது. ஆயினும் அவ்வெண்கள் 50 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட உயரத்துக்கும் உரியவை. நம் மாடிக்கு அவை பொருந்தா. ஒரு நீண்ட கழியின் நுனியில் துணி நாடாக்களைக் கட்டி நிறுத்துங்கள். நாடா நேராக நீண்டு பறந்தால் நல்ல காற்று. முறுக்கிக்கொண்டு துடித்தால் சுழற்காற்று. நாடா நேராகப் பறக்கும் இடத்தில், காற்றுவேகமானி ஒன்றைக் கொண்டு ஓராண்டு முழுவதும் குறித்து வாருங்கள்.

கழிக்கும் நாடாவுக்கும் ஆகும் செலவு சில ரூபாய்தான். அது காப்பதோ பல ஆண்டுச் சேமிப்பு.