நாய் பிஸ்கட்டுக்குக் காவல் யார்?

நாய்க்கென்றே வீட்டில் பலகாரம் செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேழ்வரகு பிஸ்கட், கோழி ஈரல் வறுவல், பிறந்தநாள் கேக் என்று எல்லாம் வீடு தேடி வருகின்றன. சிலர் டப்பாவின் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணையும் ஒட்டித் தருகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் வாங்குகிறவருக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. வரக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் ‘உணவு’ என்று சொல்வது மனிதர் உண்பதை மட்டும்தான். விலங்குத் தீவனத்தை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. அந்த எண் அதே அடுப்படியில் மனிதருக்குச் செய்யும் கேக்குக்காக வாங்கியதாக இருக்கலாம். நாய் பிஸ்கட்டை யாரோ ஓர் அதிகாரி சோதித்துப் பார்த்தார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், நாய், பூனை உணவுக்கென்று ஐஎஸ் 11968 என்ற தர அளவுகோலை வைத்திருக்கிறது. ஆனால் அது கட்டாயமல்ல. விரும்பிய நிறுவனம் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஆக, கடையில் தொங்கும் பளபளப்பான பாக்கெட்டானாலும் சரி, பக்கத்துத் தெரு அக்கா செய்து தரும் டப்பாவானாலும் சரி, நாயின் வாய்க்குப் போகும் முன் அதைச் சோதிக்கும் வேலை வளர்ப்பவர் தலையில்தான் விழுகிறது.

கடைச் சரக்கை நம்பாமல் நாமே செய்துவிடலாம் என்று நினைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுப் பொதிகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். சோதனையில் புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்கான மோசடி அது. சிறுநீரகம் கெட்டுப் பல செல்லப்பிராணிகள் செத்தன. அதே ஆண்டிலிருந்து, உலர்த்திய கோழிக்கறித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுறுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வரத் தொடங்கின. 2015 முடிவதற்குள் அந்தப் புகார்களில் சொல்லப்பட்ட நாய்ச் சாவுகள் 1,140-ஐத் தாண்டிவிட்டன. புகாருக்குள்ளான சரக்குகளில் பல சீனாவிலிருந்து இறக்குமதியானவை. எத்தனையோ ஆய்வகச் சோதனைக்குப் பிறகும் காரணம் உறுதியாகப் பிடிபடவில்லை. இதையெல்லாம் படித்தவர் அடுப்பைப் பற்றவைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அடுப்படிக்கும் ஆபத்துகள் உண்டு. “நாம் தின்பதுதானே, நாய்க்கு மட்டும் என்ன ஆகிவிடும்?” என்ற நினைப்பிலிருந்துதான் அவற்றில் பாதி தொடங்குகிறது.

நம் சமையலில் இருந்தே எடுத்துக்கொள்வோம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. எதனால் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள், அதில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்டாரைத் தின்ற நாய்களுக்கும் அதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை வைத்து எட்டிய முடிவு அது. அந்த வரிசையில் இன்னொரு பொருளும் உண்டு: புளி. டார்டாரிக் அமிலம் மிகுந்த பொருள்களில் புளியும் ஒன்று. பாயசத்து முந்திரியோடு ஒட்டிக்கொண்டு வரும் திராட்சையைப் பொறுக்கி எடுக்கிற வீட்டில்கூடப் புளியோதரை மிச்சம் நாய்த் தட்டுக்குப் போகிறது. ரசம் சாதத்திலேயே பத்து வயது வரை வாழ்ந்த நாய்கள் ஊரில் இருக்கத்தான் செய்கின்றன. ஒரு நாய் தாங்கிய அளவை இன்னொரு நாய் தாங்காது என்பதுதான் திராட்சையில் கண்ட பாடம். பாதுகாப்பான அளவு இதுதான் என்று எந்த மருத்துவரும் கோடு கிழித்துச் சொல்லவில்லை. புளி சேர்ந்தது எதையும் கொடுக்காமல் இருப்பதே மேல்.

வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் நச்சு போகாது. பொடியில் இன்னும் செறிவாக இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போதும், ரத்தம் கெட. அறிகுறி தெரிய இரண்டு மூன்று நாள் ஆவதால் வீட்டார் இரண்டையும் தொடர்புபடுத்துவதே இல்லை. கறிமசாலாவும் சூப் கட்டியும் நாய்ப் பலகாரத்துக்கு ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

நவீன அடுப்படியின் பெரிய ஆபத்து சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. சர்க்கரையில்லாத சூயிங்கம், மிட்டாய், பற்பசை, சில பீநட் பட்டர் வகைகளில் அது இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாயின் கணையமோ அதைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டிவிடும்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடும், வலிப்பு வரும். கிலோவுக்கு 0.1 கிராம் என்ற அளவே இதற்குப் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். பீநட் பட்டர் வாங்கினால் சேர்மானப் பட்டியலில் சைலிட்டால் என்ற பெயரையும் 967 என்ற குறியீட்டையும் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றாலும், வறுத்த வேர்க்கடலையை மிக்ஸியில் அரைத்துக்கொள்வதுதான் சுலபம், மலிவும்கூட.

கடலை நல்ல கடலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த கடலை, சோளம், புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் உண்டாகும். அதற்கு நாய் மிக எளிதில் பலியாகிற பிராணி. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நாயுணவில் இந்த நச்சு மிகுந்திருப்பது தெரியவந்தது; அதனால் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பிறகு அறிவித்தது. சுட்டாலும் வேகவைத்தாலும் அது முழுதாக அழியாது. ‘நமக்கு ஆகாது, நாய்க்குப் போடு’ என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். நாய்ப் பலகாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தச் சிக்கனத்தால்தான் என்பது என் கருத்து.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பத்துக் கிலோ நாய்க்குப் பத்து கிராம் கோகோ தூளே தொல்லை தொடங்கப் போதும். வெந்த எலும்பு ஈட்டியாகப் பிளந்து குடலைக் குத்தும். கருவாட்டின் உப்பும் நெய்யில் பொரித்த தோலும் வேண்டாம்; கொழுப்பு மிகுந்தால் கணைய அழற்சி வரும். ஈஸ்ட் கலந்த பச்சை மாவு வயிற்றுக்குள் போய் உப்பிப் பெருகும்; சாராயத்தையும் உண்டாக்கும். பச்சைக் கறியில் சால்மொனெல்லா இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாமல், அதைக் கொஞ்சும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம்.

இனி, செய்வது எப்படி? ஒரு கப் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு அரை கப், ஒரு முட்டை. உப்பு, வெல்லம், சோடா எதுவும் வேண்டாம். பிசைந்து மெல்லிசாகத் தேய்த்து, அறுபது துண்டாக வெட்டி, அவனில் 160 டிகிரியில் அரை மணி நேரம் விடுங்கள். அவன் இல்லாதவர்கள் எண்ணெயில்லாத தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் இருபுறமும் காயவிடலாம். இதில் துண்டுக்குச் சுமார் பத்துக் கலோரி வரும். பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலகாரம் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஆறு துண்டு. கூடவே ஒரு முட்டையும் கொடுத்தால் கணக்கு முடிந்து கடனும் ஏறிவிட்டது. இந்தப் பலகாரத்தில் கெடாமல் காக்கும் பொருள் ஏதும் இல்லை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இரண்டு நாளில் பூஞ்சை தொற்றும். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள், மிச்சம் ஃப்ரீசரில். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் இதையும் கொடுக்க வேண்டாம்.

பலகாரம் கைவந்ததும் சாப்பாட்டையே வீட்டுச் சமையலுக்கு மாற்றிவிட ஆசை வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியினர் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாயுணவுக் குறிப்புகளை 2013-இல் ஆராய்ந்தபோது, 95 சதவீதத்தில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. பலகாரத்தில் சத்துக் குறைந்தால் பாதகமில்லை. முழுச் சாப்பாட்டில் குறைந்தால் மாதக்கணக்கில் எலும்பும் தோலும் கெடும்.

தின்னக் கூடாததைத் தின்றுவிட்டதா? அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்கும் மருந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான் நன்றாக உதவும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ புகட்டுவது இரண்டாவது நஞ்சை ஊற்றுவதாகும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற நான்கையும் போனிலேயே சொல்லிவிட்டு, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வாங்கிய பலகாரத்தால் நேர்ந்தது என்றால் கேட்க இடமிருக்கிறது. உணவுச் சட்டம் கைவிட்டாலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைவிடவில்லை. பிள்ளையாக வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் நாய் உங்கள் உடைமை. குறையுள்ள பொருள் இன்னொரு உடைமைக்குச் சேதம் விளைவித்தால் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பேற்க வேண்டிவரும். வீட்டில் இருந்து விற்பவருக்கும் இது பொருந்தும். பணம் வாங்காமல் அன்பளிப்பாகச் செய்து தந்தவர்மேல் நுகர்வோர் வழக்கு நிற்காது. நீங்களே செய்ததென்றால் மூலப்பொருளைத்தான் பார்க்க வேண்டும்: பீநட் பட்டரும் கேழ்வரகு மாவும் மனித உணவு என்பதால் அவற்றில் கலப்படம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடமே புகார் செய்யலாம்.

வாங்கும்போதே சில காரியங்களைச் செய்துகொள்வது நல்லது. பொட்டலமாக விற்கும் எதிலும் தயாரித்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இதற்கெனப் புகார் தரலாம். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடச் சொல்லி அந்த விதிகள் வற்புறுத்துவதில்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: “இதில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள்? வெங்காயப் பொடி, திராட்சை, சைலிட்டால் உண்டா?” பதில் வந்தால் பிற்பாடு அது சான்று. பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேடு நேர்ந்தபின் பெரும்பாலானோர் செய்யும் தவறு, கோபத்தில் டப்பாவைக் குப்பையில் வீசுவதும், துக்கத்தில் நாயை உடனே புதைத்துவிடுவதும்தான். மிச்சப் பலகாரத்தை உறையோடு ஃப்ரீசரில் வையுங்கள். பணம் கட்டிய யுபிஐ பதிவு, மருத்துவக் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, பில் எல்லாவற்றையும் சேருங்கள். நாய் இறந்துவிட்டால் அரசு கால்நடை மருத்துவரிடமோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உடற்கூறாய்வு கேளுங்கள். அந்த நேரத்தில் கேட்பது கடினம்தான், ஆனால் அது இல்லாமல் எதிர்த்தரப்பு “நாய் எதனாலோ செத்தது” என்று சொல்லித் தப்பிவிடும். வேண்டுமென்றே யாராவது நஞ்சு வைத்தார்கள் என்றால் பாதை வேறு: பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் தரலாம், ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

நுகர்வோர் வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்தைத் தாண்டாதவரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளில் குறை இருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும் என்றால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்; வழக்குச் செலவோடு சேர்த்து அதையும் மனுவிலேயே கேட்டு வையுங்கள்.