ஒரே மரத்தில் எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி... ஒட்டுக் கட்டும் முன் இதை கவனிங்க!

கொல்லையில் நாரத்தை மரம் நன்றாக வளர்ந்து நிற்கிறது. எலுமிச்சையும் வைக்க ஆசை, ஆனால் இடமில்லை. இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அதே மரத்தின் ஒரு கிளையில் எலுமிச்சையையும், இன்னொரு கிளையில் சாத்துக்குடியையும் காய்க்க வைக்கலாம்.

எப்படி சாத்தியம்?

இவை எல்லாமே ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதனால் ஒன்றின் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு, மற்றொன்றுடன் எளிதாகச் சேர்ந்துவிடும். மா, கொய்யாவை இதில் ஒட்ட முடியாது. நாரத்தையின் புளிப்பு சாத்துக்குடிக்கு வந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். அந்தந்தக் கிளையில் அந்தந்தப் பழம்தான் காய்க்கும்.

செய்வது எப்படி?

மழைக்குப் பிறகு புதுத் துளிர் வரும் சமயத்தில் பட்டை சுலபமாக உரியும். அதுதான் சரியான நேரம். பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியிலிருந்து ஒரு கண்ணை மெல்லிய பட்டையோடு சீவி எடுக்க வேண்டும். மரத்தின் கிளையில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் கீறி, கண் மேல்நோக்கி இருக்கும்படி உள்ளே செருகி, பாலித்தீன் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

சுமார் 3 வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். கண் பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்திருந்தால் வேறு இடத்தில் மறுபடி முயலலாம். ஒட்டு பிடித்த பிறகு, கண்ணுக்குச் சற்று மேலே கிளையை வெட்டினால் அது துளிர்க்கும். எல்லாக் கிளைகளையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. காய்ப்புக்கு 2 முதல் 3 ஆண்டுகள் ஆகலாம்.

பெரிய ஆபத்து எது?

நோயுள்ள குச்சிதான். டிரிஸ்டீசா வைரஸும், கிரீனிங் என்ற பாக்டீரியா நோயும் ஒட்டு வழியாகவும் பரவும். கிரீனிங் வந்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. பல மாதங்கள் அறிகுறியே தெரியாமலும் இருக்கும். ஆக, பக்கத்து வீட்டு மரம் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் குச்சி வாங்குவது சரியல்ல. நோயற்ற தாய்மரம் வைத்திருக்கும் நாற்றங்காலில் கேட்டு வாங்குவதே நல்லது. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைப்பதும் அவசியம்.

அப்புறம் என்ன கவனிக்கணும்?

எலுமிச்சைக் கிளை வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். அதை அவ்வப்போது கவாத்து செய்து, மெதுவாக வளரும் ரகத்துக்கு வெயில் விழும் பக்கத்தை ஒதுக்குங்கள். அடிமரத்தில் கிளம்பும் முள் துளிர்களை உடனே கிள்ளிவிடுங்கள். கிளைக்குக் கிளை பெயர் எழுதிக் கட்டி வைத்தால், கவாத்தின்போது ஒட்டுக் கிளையையே வெட்டிவிடாமல் தப்பிக்கலாம்.